துரை பங்களாவின் துப்பாக்கி அறை

ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் துப்பாக்கி அறை என்பது பெயருக்குத்தான் அறை. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் வேட்டைத் துப்பாக்கிகளுக்கென்று தனி அறை ஒதுக்குவார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள், சேற்றுக் காலணி கழற்ற ஒரு பெஞ்சு, குழலைத் துடைக்க நீள மேசை, துடைப்பதற்கென்றே ஓர் ஆள் என்று அது ஒரு சின்ன உலகம். மலாயாவுக்கு வந்து சேர்ந்தது அதன் சுருங்கிய நகல். தூண்களின் மேல் நின்ற பலகை பங்களாவில் துரையின் எழுத்து மேசை இருந்த அறையில் ஒரு மூலை, அங்கே ஒரு மர அலமாரி, அதன் கீழே தோட்டா வைக்கப் பூட்டுடன் ஓர் இழுப்பறை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் 1948இல் அவசரகாலம் பிறந்தபின் அந்த மூலை மணல் மூட்டைகளுக்கு நடுவே ஆயுதக் கிடங்காக வளர்ந்தது. நாடு சுதந்திரம் அடைந்து அவசரகாலமும் முடிந்தபின் ஓர் இரும்புப் பெட்டியாகச் சுருங்கியது. இத்தனை மாற்றத்திலும் துப்பாக்கியின் வகை மாறியதைவிட அதன் சாவி இருந்த கை மாறியதுதான் அதிகம்.

இந்தக் கதையின் களம், கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கை பட்டாணிக்கு வடகிழக்கே இருக்கும் புக்கிட் செலம்பாவ் என்ற சிற்றூரின் சுற்றுவட்டாரம். 1909 மார்ச்சில் கையெழுத்தான ஆங்கில சயாமிய ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷார் செல்வாக்கின் கீழ் வந்தது. பிறை துறைமுகத்திலிருந்து வடக்கே வந்த ரயில் பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த காடு வெட்டு அதன்பின் வேகம் பிடித்தது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், கோல கெட்டில் என்று எங்கும் ரப்பர் நிரல்கள். ஹார்வர்ட், டப்ளின், ஸ்கார்பரோ என்று தோட்டங்களுக்கு வெள்ளைக்காரப் பெயர்கள்; லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள். காட்டின் விளிம்பில் நட்ட இளங்கன்றுகளைத் தேடிக் காட்டுப்பன்றி வந்தது, பன்றியைத் தேடிப் புலி வந்தது. பங்களாவுக்குத் துப்பாக்கி வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் இதுதான். சம்பள நாளில் வங்கியிலிருந்து எடுத்துவரும் ரொக்கம் சொல்லாத காரணம். மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட நாளில், ஆளில்லாத செம்மண் பாதையில், பணப்பையோடு ஒரு கார் வரும் என்பது ஊருக்கே தெரியும்.

கெடாவுக்குத் துப்பாக்கி வெள்ளைக்காரத் துரைகளோடு வந்த பொருள் அல்ல. கோத்தா கோல மூடா பக்கத்தில் புக்கிட் மெரியாம் என்று ஓர் ஊர் உண்டு. மெரியாம் என்றால் மலாயில் பீரங்கி. திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கு மலாயில் இஸ்திங்கார் என்று பெயர், அது போர்த்துகீசியச் சொல்லின் மரூஉ. இன்று வழங்கும் செனாப்பாங் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. பெலூரு என்னும் தோட்டாவும் போர்த்துகீசியம்தான். தமிழின் துப்பாக்கியோ துருக்கியில் பிறந்து, பாரசீகமும் உருதும் கடந்து வந்த சொல். சுடும் கருவி எந்தக் கப்பலில் யாரோடு வந்ததோ அவர்களுடைய பெயரையே அந்தந்த மொழி வைத்துக்கொண்டது. தோட்டத்துத் தமிழில் இரு மொழிச் சொற்களும் கலந்தே புழங்கின. பன்றி சுடும் ஒற்றைக்குழல் கருவியை மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்பார்கள், அதாவது முறிந்த துப்பாக்கி. குண்டு போடும்போது குழல் நடுவில் மடங்கிக் கீழே சாய்வதால் அந்தப் பெயர்.

லயத்தில் குடியேறிய தமிழர் ஆயுதம் பறிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் அறிவிப்பின் மூலம் தென் தமிழகத்தில் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதம் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் ஓர் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. குடகு மக்களைப் போலச் சிலருக்கு மட்டும் விலக்கு. மூன்று தலைமுறை கடந்தபின் சென்னை மாகாணத்துக் கிராமத்தவனுக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ், பட்டாளம், ஜமீன்தார். கப்பலேறி வந்த இடத்தில் அந்த வரிசையோடு துரையும் சேர்ந்துகொண்டார். காவலுக்கு நின்ற சீக்கிய ஜாகாவிடம்கூட பல இடங்களில் தடிதான் இருந்தது.

இனி அலமாரிக்கு வரலாம். மலாயாவில் அதற்கு முதல் எதிரி திருடன் அல்ல, ஈரம். ஆண்டு முழுவதும் காற்று புழுங்கும் ஊரில், துடைக்காமல் விட்ட குழலில் ஓரிரு நாளிலேயே செந்நிறப் பொடி படியும். முந்திய தலைமுறைத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது குழலுக்குள் உப்பை விட்டுப்போகும், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், எஃகு அரிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது என்பதால் வெறுமே எண்ணெய் பூசுவதால் பயன் இல்லை. கொதிநீரைக் குழலில் ஊற்றி உப்பைக் கரைத்து, துணி சுற்றிய கம்பியால் ஈரம் போகத் துடைத்து, அதற்குப் பிறகே எண்ணெய். அந்தக் காலத்து ஆங்கிலேயர் பெரிதும் நம்பியது ரங்கூன் எண்ணெயை. பர்மாவின் மண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த கெட்டியான அந்த எண்ணெய் குழலில் ஒட்டி நின்று ஈரத்தைத் தடுத்தது. அலமாரியின் உள்ளே வெல்வெட்டோ கம்பளியோ ஒட்டுவது சீமையில் அழகு. இங்கே அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தொட்ட இடத்திலெல்லாம் இரும்பைத் தின்னும். அனுபவப்பட்டவர்கள் துணியை உரித்துப் போட்டுவிட்டு வெறும் மரப்பல்லில் குழலைச் சாய்த்தார்கள், கதவில் காற்றுத் துளை விட்டார்கள். மின்சாரம் வந்த பங்களாக்களில் அலமாரியின் அடியில் சிறிய பல்பு ஒன்றை எரியவிடுவதும் உண்டு. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று உலர்ந்திருக்கும். பூஞ்சையிலிருந்து காலணிகளையும் காமிராவையும் காப்பாற்ற மலாயா வீடுகளில் செய்த அதே உபாயம்தான்.

தோட்டாவின் பாடு இன்னும் மோசம். வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு அப்போது உடல் காகிதம், அடி பித்தளை. ஈரத்தில் காகிதம் ஊதிவிட்டால் தோட்டா குழலுக்குள் போகாது. போனால் சுட்டபின் வெளியே வராது. புலிக்கு எதிரே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றே. இதற்காகவே நீர் புகாத மேற்பூச்சுத் தோட்டாக்களையும் முழுப் பித்தளைத் தோட்டாக்களையும் வெப்ப நாடுகளுக்கென்று ஆங்கில நிறுவனங்கள் செய்து அனுப்பின. 1960 வாக்கில் பிளாஸ்டிக் உடல் வந்த பிறகே இந்தத் தொல்லை ஒழிந்தது. அதுவரை தோட்டாவின் இடம் அலமாரி அல்ல, மூடி இறுகிய தகர டப்பா. துப்பாக்கியும் தோட்டாவும் வேறு வேறு பூட்டில் இருக்க வேண்டும் என்று இன்றைய பாதுகாப்பு நூல்கள் சொல்லும் விதியை மலாயாவில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் ஈரத்துக்கும் பங்கு உண்டு.

பெரும்பாலான பங்களாக்களில் இருந்தது பன்னிரண்டாம் எண் இரட்டைக்குழல் துப்பாக்கி. அந்த எண் வந்த கதை விசித்திரமானது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டாம் எண் குழல். விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். புறாவுக்குப் பொடி ரவை, பன்றிக்குப் பயறளவு பருத்த ரவை. பன்றி விழுந்த நாள் லயத்துக்கும் திருநாள். அண்டைக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்கள் அந்த இறைச்சியைத் தொடமாட்டார்கள், துரைக்கு ஒரு தொடை போதும், மீதி லயத்துக்கு. காட்டுப்பன்றி வறட்டல் தோட்டத்துச் சமையலில் இடம்பிடித்தது இப்படி. அந்த நாட்களைத் தவிர, துப்பாக்கியின் ஓசை லயத்துக்கு வேறு ஒன்றையும் குறித்தது. 1950களில் வெறிநாய்க்கடியை ஒழிக்க எடுத்த நடவடிக்கையில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய வட மாநிலங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாகி, கழுத்துப்பட்டை இல்லாதவை சுடப்பட்டன. கெடாவும் அந்த வளையத்துக்குள் இருந்தது.

பங்களாவில் பட்டறை மட்டும் உருவாகவே இல்லை. அமெரிக்காவில் வீட்டின் அடித்தளத்தில் துப்பாக்கி வைக்கும் அறையோடு சேர்த்து ஒரு பட்டறையும் அமைப்பார்கள். இடுக்கி மேசை, அரம், தோட்டாவுக்கு மீண்டும் மருந்து அடைக்கும் கைப்பொறி எல்லாம் அங்கே இருக்கும். மலாயாவில் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை. ஆகவே விசை தளர்ந்தாலும் பின்கட்டை வெடித்தாலும் பினாங்கு போன்ற பட்டணத்தில் உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் போக வேண்டும். தோட்டத்தில் செய்துகொண்டது துடைப்பதும் எண்ணெயிடுவதும் மட்டும். தோட்டத்துக் கருமானால் பால்வெட்டுக் கத்தியைத் தீட்ட முடியும், ரப்பர் உருளை இயந்திரத்தைக்கூடச் சரிசெய்ய முடியும். துப்பாக்கியைத் தொட முடியாது. கைத்திறன் இருந்தும் எட்டி நின்ற இந்தத் தொழில் பிற்பாடு காட்டுக்குள் போய் வேர்விட்டது.

1941 டிசம்பர் பழைய ஏற்பாடு முழுவதையும் ஒரே வாரத்தில் கலைத்தது. 8ஆம் தேதி ஜப்பானியர் தரையிறங்கிய அன்றே சுங்கை பட்டாணி விமானத்தளம் குண்டுவீச்சுக்கு ஆளானது. ஜித்ரா வீழ்ந்தது, 15ஆம் தேதிக்குள் கூருனும் போனது. தெற்கே ஓடிய துரைமார் பங்களாக்களைத் திறந்தபடி விட்டுப் போனார்கள். அலமாரியில் இருந்தவற்றில் சில ஜப்பானியர் கைக்கும் சில காட்டுக்குள் திரண்ட மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையின் கைக்கும் போயின. அந்தப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது, நேச நாடுகள் வானிலிருந்து இறக்கிக் கொடுத்த எண்ணிக்கையைவிட அதிகமான ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்தது. கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் பழைய துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டுப் புதியவற்றை எண்ணெய்த்துணியில் சுற்றிக் காட்டில் புதைத்துவிட்டார்கள் என்பது மூன்றாண்டுகளில் தெரிந்தது. ஆயுதக் கணக்கெடுப்பில் எண்ணிக்கையோடு வரிசை எண்ணையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் மலாயாவில் கிடையாது.

அதே போர்க்காலத்தில் தோட்டத்துத் தமிழன் முதன்முறையாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். ஜான்சி ராணிப் படையில் லயத்துப் பெண்களும் இருந்தார்கள். 1945 ஆகஸ்டில் போர் முடிந்ததும் துப்பாக்கி போய்விட்டது. அணிவகுப்பு நடை போகவில்லை. 1946இல் கெடாத் தோட்டங்களில் தோன்றிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்ட இந்த இயக்கத்தின் தலைவர் ஏ. எம். சாமி. இளைஞர்கள் மாலையில் திடலில் கூடிக் கம்பு பிடித்து ராணுவ ஒழுங்கில் பயிற்சி செய்தார்கள். அவர்கள் கையில் இருந்தது வெறும் கம்பு என்பதைவிட, அதை அவர்கள் தோளில் சாய்த்த விதம் துரைமாரைக் கலக்கியது. 1947 மார்ச்சில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் நடந்தது. ஏப்ரல் கடைசியில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். இயக்கம் அந்த ஆண்டிலேயே நசுக்கப்பட்டது.

1948 ஜூன் 16ஆம் தேதி காலை பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கம்யூனிஸ்ட் ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தின் ஆர்தர் வாக்கர் தன் ஆபீஸ் நாற்காலியிலேயே சுடப்பட்டார். ஃபின் சூன் தோட்டத்தில் ஜான் ஆலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும். இரண்டு நாளில் அவசரகாலம் கூட்டரசு முழுவதற்கும் நீண்டது. பட்டப்பகலில், கணக்குப் பார்க்கும் மேசையில், கொலை நடந்திருக்கிறது. பங்களாவில் பூட்டிய அலமாரிக்குள் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் அது எட்டாத தூரம். அன்றுமுதல் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கி ஏறியது, படுக்கையின் தலைமாட்டில் கார்பைன் நின்றது. பூட்டி வைப்பதா, கைக்கெட்ட வைப்பதா என்ற கேள்வி அந்த நாட்களில் பங்களாக்கள் அனைத்தையும் வாட்டியது. பூட்டினால் ஆபத்து நேரத்தில் சாவி தேட வேண்டும். வெளியே வைத்தால் சமையல்காரன் முதல் குழந்தைவரை யார் கைக்கும் போகலாம்.

அதற்கு விடையாக வந்தது சிறப்புக் காவலர் படை. தோட்டத்துப் பேச்சில் எஸ்.சி. 1948 முடிவதற்குள் சுமார் 30,000 பேர் சேர்க்கப்பட்டார்கள், மிகப் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி அந்த மே மாதம் முடிந்ததால் வேலையிழந்த போலீஸ் சார்ஜெண்டுகள் சுமார் 500 பேர் மலாயா வந்து இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பங்களாவின் கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையே மணல் மூட்டை அடுக்கினார்கள். இரட்டைப் பலகைச் சுவருக்கு நடுவே சரளைக்கல் கொட்டிக் குண்டு துளைக்காத தடுப்பு செய்தார்கள். முள்கம்பி வேலி, அதன் மேல் வெளிப்புறம் நோக்கிய விளக்கு, காவல் மாடம். லாரிகளுக்கும் கார்களுக்கும் இரும்புத்தகடு பொருத்தினார்கள். காவலர் கொட்டகையை ஒட்டி முதல்முறையாகத் துப்பாக்கி அறை என்று உண்மையாகவே சொல்லத்தக்க ஓர் அறை தோன்றியது.

அந்த அறையின் அமைப்பு ராணுவ முகாம்களிலிருந்து இறங்கி வந்தது, அதில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஒரே கதவு, கதவின் கீல் உட்புறம். வெளியே நின்று கீலைக் கழற்ற முடியாது. சன்னல் இருந்தால் கை நுழையாத அளவுக்குக் கம்பி நெருக்கம். துப்பாக்கிகள் நிற்கும் மரத் தாங்கியில் வரிசை எண். எந்த எண்ணின் இடம் வெறுமையாக இருக்கிறது என்பது வாசலில் நின்றாலே தெரிய வேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையங்களின் ஊடாக ஒரு நீளச் சங்கிலி, அதன் முனையில் பூட்டு. லீ என்ஃபீல்ட் ரைஃபிளின் போல்டை உருவி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் குழாய். போல்டுகளை வேறொரு பெட்டியில் பூட்டுவது இதனால்தான், துப்பாக்கி திருடு போனாலும் சுட முடியாது. ஒவ்வொரு போல்டிலும் அதன் ரைஃபிளின் எண் பொறித்திருக்கும், மாற்றிப் போடக்கூடாது. காலையிலும் மாலையிலும் எண்ணிக்கை. வாங்குபவரும் திருப்புபவரும் பதிவேட்டில் கையெழுத்து. சுட்டால் வெற்றுக்கூடு திரும்பி வர வேண்டும். வாசலுக்கு வெளியே மணல் நிரப்பிய ஒரு தொட்டி இருக்கும். உள்ளே நுழையுமுன் குழலை அதில் நீட்டிக் காலியா என்று பார்த்தாக வேண்டும், தவறி வெடித்தால் குண்டு மணலுக்குள் போகும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் எளிது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வரவில்லை. அவர்களுடைய ஆயுதக் கிடங்கு தோட்டத்தின் ஆயுதக் கிடங்குதான். தனியாக நின்ற காவலரைத் தாக்குவது அவர் உயிருக்காக மட்டும் அல்ல, அவர் தோளில் இருந்த ரைஃபிளுக்காக. இப்படிக் கிடைக்காத மிச்சத்துக்குக் காட்டுக்குள்ளேயே பட்டறைகள் இயங்கின. முறிந்த பாகங்களை வைத்து வேறு துப்பாக்கி செய்வது, வெற்றுக்கூட்டில் மீண்டும் மருந்து அடைப்பது, குழாயை அறுத்து எறிகணை வீசும் கருவி செய்வது. பதிவேட்டில் ஏன் வெற்றுக்கூட்டைக்கூட எண்ணினார்கள் என்பதற்கு விடை அந்தப் பட்டறைகளில் இருக்கிறது.

லயத்துக்கு நடந்தது வேறு. மக்களைத் திரட்டிக் குடியமர்த்தும் பிரிக்ஸ் திட்டம் 1950இல் தொடங்கியபின் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்கம்பிக்குள் வந்தன. பெரட்டு என்னும் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகும்போது வாசலில் சோதனை. சோற்றுப் பொட்டலமும் தப்பாது. அவசரகால விதிகளின்படி அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை. மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு தோட்டாவைக் குழந்தை எடுத்து வந்தாலும் குடும்பம் நடுங்க வேண்டியிருந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரே வகைக் கைத்துப்பாக்கி பங்களாவில் தற்காப்பு, லயத்தில் தூக்குக் கயிறு. சட்டம் ஆயுதத்தைப் பார்த்ததைவிட ஆளைப் பார்த்தது என்று சொன்னால் மிகையில்லை. இதற்கிடையில் 1950இல் உருவான ஊர்க்காவல் படையில் சேர்ந்த தொழிலாளர்கள், இரவு முறைக்கு மட்டும் ஒரு வேட்டைத் துப்பாக்கியையும் எண்ணிக் கொடுத்த சில தோட்டாக்களையும் வாங்கி நின்றார்கள். விடிந்ததும் இரண்டும் அறைக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஆயுதத்தைக் கீழே வைப்பது பற்றிய மிகப் பெரிய பேச்சு கெடாவிலேயே நடந்தது. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் பள்ளிக்கூடத்தில் அரசுத் தரப்பில் துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லாக்கும் ஒருபுறம், மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங் மறுபுறம். சரணடைந்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அரசின் நிலை. ஒப்படைப்பதைச் சரணாகதி என்று சொல்வதை ஏற்க முடியாது என்பது சின் பெங்கின் நிலை. பேச்சு முறிந்தது. 34 ஆண்டுகளுக்குப் பிறகு, 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாயில் கையெழுத்தான உடன்பாட்டில் அந்தச் சொல் தவிர்க்கப்பட்டது. ஆயுதங்களைக் கையளிப்பதற்குப் பதிலாகத் தாங்களே அழித்துவிட அவர்களுக்கு வழி கிடைத்தது.

1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே விதியை வகுத்தது. வைத்திருக்கவும் விற்கவும் பழுதுபார்க்கவும் போலீசாரின் உரிமம், உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாவும் கூடாது, அனுமதியில்லாமல் செய்தால் கடும் தண்டனை. தோட்டங்களும் கை மாறின. வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்றுப் போகத் தொடங்க, துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர் பெயரில் வாங்க துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். துரை என்ற சொல் நிறம் மாறிய பிறகும் தங்கியது. உரிமம் நிர்வாகியின் பெயருக்கு எழுதப்பட்டது. 1972 ஜனவரி 11ஆம் தேதி தொடங்கிய ரேலா தொண்டர் படை வேட்டைத் துப்பாக்கியைக் கிராமத்துக்கே இரவல் கொடுத்தது. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் ரேலா சீருடையில் துப்பாக்கியோடு நிற்பது அந்தத் தலைமுறைக்குப் பழகிய காட்சி.

இரவல் ஒருபுறம், தண்டனை மறுபுறம். 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுத (அதிகத் தண்டனை) சட்டம், உரிமமற்ற துப்பாக்கிக்கு 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் வகுத்தது. குற்றம் செய்யும்போது சுட்டால் மரணம் என்பது பின்னர் சேர்ந்தது. அப்போது நடப்பில் இருந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தண்டனை இன்னும் கடுமையாக இருந்தது. 1977இல் பினாங்கில் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பிறகு மன்னிப்பு வாரியம் அதைக் குறைத்தது. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகே குற்றத்தின்போது சுட்ட வழக்குகளில் நீதிபதிக்கு வேறு தண்டனை விதிக்கும் உரிமை கிடைத்தது.

பூட்டும் சங்கிலியும் எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி ஒரு சோதனை வந்தது. பாலிங்கிலிருந்து மலைத்தொடரைத் தாண்டினால் வரும் கிரிக் வட்டாரத்தில், வட்டார சேமப்படையின் இரண்டு முகாம்களுக்கு விடியற்காலையில் ராணுவ உடையணிந்த சிலர் பஜேரோ வண்டிகளில் வந்து, திடீர்ச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் என்று சொன்னார்கள். காவலில் இருந்தவர்கள் வணக்கம் வைத்துக் கதவைத் திறந்தார்கள். அல் மாவுனா என்ற அந்தத் தீவிரவாதக் குழு அங்கிருந்து அள்ளிச் சென்றதில் எம் 16 ரைஃபிள்கள் மட்டும் 97. பூட்டு உடைபடவில்லை, சங்கிலி அறுபடவில்லை. சாவுக் என்ற இடத்தில் நான்கு நாள் முற்றுகைக்குப் பிறகு ஆயுதங்கள் மீட்கப்பட்டன. பிணையாகப் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் போலீஸ் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த ஆர். சகாதேவன்.

இன்று கோல மூடா மாவட்டத்தில் ரப்பர் பெருமளவு செம்பனைக்கும், செம்பனையில் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டது. செம்பனை இளங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்பதில் காட்டுப்பன்றிக்கு ரப்பரைவிட ஆர்வம் அதிகம். ஆகவே உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கிகள் முற்றாக மறையவில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பன்றியைச் சுடுவதற்குப் போலீஸ் உரிமம் போதாது, வனவிலங்குத் துறையின் அனுமதியும் வேண்டும். துப்பாக்கி இருக்கும் வீட்டில் அதற்கு அறை இல்லை, மூலையும் இல்லை. செங்கல் சுவரில் உட்புறமிருந்து போல்ட் முடுக்கிய எஃகுப் பெட்டி மட்டும். ரங்கூன் எண்ணெயின் வேலையை ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்கள் செய்கின்றன. தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில். உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி பிள்ளைக்குப் பரம்பரைச் சொத்தாக இறங்குவதில்லை. புது உரிமம் கிடைக்கும்வரை அதன் இடம் போலீஸ் நிலையம்.